அட்டை வேறு, கடலட்டை வேறு

[காட்சி: மழை விட்ட காலை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே, படங்கு கட்டிய ஒருவரின் கால்.]

மலையகத்தில் 'அட்டை' என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் குனிந்து தன் காலைத்தான் பார்ப்பார். மழைக்காலத்தில் சவர்க்காரம் பூசிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போவதும், கடித்துவிட்டால் உப்பு வைத்து விழச் செய்வதும் நமக்குப் பழகிப்போனவை.

அதனால்தான் மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்துக் கடலட்டைப் பண்ணைகளைப் பற்றிச் செய்தி வந்தால் இங்கே ஒரு கூச்சம். அட்டையைக் காசு போட்டு வளர்க்கிறார்களா?

[காட்சி: ஆழமில்லாத கடல். மணலில் கிடக்கும் கடலட்டை.]

பயப்பட வேண்டாம், இது இரத்தம் குடிக்காது. மணலை விழுங்கி, அதில் கலந்திருக்கும் மக்கிய பொருளைச் செரித்துவிட்டு, மிச்ச மணலை வெளியே தள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. தமிழன் கண்ணுக்கு அது அட்டை. ஆங்கிலேயன் கண்ணுக்கு வெள்ளரிக்காய். இரண்டுமே தோற்றத்தை வைத்து வந்த பெயர்கள்தான். நம் அட்டைக்குச் சொந்தம் மண்புழு. கடலட்டைக்குச் சொந்தம் நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும்.

நட்சத்திர மீனைச் சில புத்தகங்கள் 'உடுமீன்' என்கின்றன. உடு என்றாலும் நட்சத்திரம், பழந்தமிழில் மீன் என்றாலும் நட்சத்திரம். பெயரில் இரண்டு நட்சத்திரம் இருக்கிறது; ஆனால் அது மீனே இல்லை!

இந்தக் குடும்பத்தின் பெயர் முட்தோலிகள். உயர்தர உயிரியலில் எக்கைனோடேமேற்றா. கிரேக்கத்தில் எக்கினோஸ் என்றால் முள்ளெலி, டெர்மா என்றால் தோல். முள்ளெலி இலங்கையில் இல்லை, நாம் முள்ளம்பன்றியை நினைத்துக்கொள்வோம்.

சரி, மெத்தென்று கிடக்கும் கடலட்டையில் முள் எங்கே? தோலுக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு துண்டுத் தோலை நுணுக்குக்காட்டியில் வைத்தால் பொத்தான் மாதிரியும் மேசை மாதிரியும் குட்டிக் குட்டிச் சுண்ணாம்புத் துணுக்குகள் தெரியும். இனத்தை அடையாளம் காண்பதற்கே நிபுணர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். இன்னொரு குடும்ப அடையாளம் ஐந்து என்ற கணக்கு. நட்சத்திர மீனுக்குப் பெரும்பாலும் ஐந்து கை, கடல் முள்ளெலிக்கு ஐந்து பல், கடலட்டையின் உடலுக்குள் நீளவாக்கில் ஐந்து தசைப்பட்டைகள்.

[காட்சி: பனி மூடிய காசல்ரீ நீர்த்தேக்கம்.]

முட்தோலிகளில் ஏறக்குறைய 7,000 இனங்கள் உண்டு. தரையிலோ நன்னீரிலோ வாழ்வது ஒன்றுகூட இல்லை. உடம்புக்குள் இருக்கும் உப்பின் அளவைச் சரிக்கட்டும் உறுப்பு அவற்றுக்குக் கிடையாது. நம் அட்டை உப்புப் பட்டால் சுருண்டு விழும். கடலட்டையைக் கொண்டுவந்து காசல்ரீயில் விட்டால், உப்பில்லாமலே செத்துப்போகும்.