மூடியைக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. என் கையில் இருப்பது பழுதாகிப்போன ஒரு சார்ஜரின் மேல்கூடு. வெளிப்பக்கம் பளபளவென்று இருக்கிறது, அதை விடுங்கள். உள்பக்கத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வருகிறேன். நான்கு மூலையிலும் காசை வைத்து அழுத்தியது போலச் சின்ன வட்டங்கள் தெரிகின்றன, பாருங்கள். நடுவில் கடிகாரம் மாதிரி இன்னொரு வட்டம். சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள், உள்ளே ஓர் அம்பு, அம்புக்கு இரண்டு பக்கமும் ஓர் இலக்கம். அம்பு காட்டுவது மாதம், இலக்கங்கள் ஆண்டு. இந்தக் கூடு அச்சிலிருந்து வெளியே வந்த மாதத்தை நீங்களே படித்துச் சொல்லிவிடலாம். எனக்கு இன்றைக்கும் இதைத் தேடிப் பார்ப்பதில் அலுப்பே வருவதில்லை.

சரி, அந்த நான்கு வட்டங்கள்? அவை எஜெக்டர் பின், அதாவது ஆறிய கூட்டை அச்சிலிருந்து வெளியே தள்ளும் கம்பி, பதித்த தடங்கள். இந்தக் கூட்டைச் செய்த இன்ஜெக்‌ஷன் மோல்டிங் என்ற வார்ப்பு முறையில் பிளாஸ்டிக் மணிகள் சூடான உருளைக்குள் விழும், அதற்குள் சுழலும் திருகு அவற்றை உருக்கிக்கொண்டே முன்னால் கொண்டு போகும். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் வகை என்றால் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல். இறுக மூடிய எஃகு அச்சுக்குள் அந்தக் குழம்பைப் பெரும் அழுத்தத்தில் செலுத்துவார்கள். ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கி அச்சின் உள்பாதியைக் கவ்விக்கொள்ளும். அதனால்தான் பின் வைத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. இந்தக் கூட்டின் சுவர்களும் அதனால்தான் நேர் செங்குத்தாக இல்லை. ஒரு டிகிரி, இரண்டு டிகிரி சாய்வு இருந்தால்தான் உரசாமல் கழன்று வரும்.

சுருங்குவது எல்லா பிளாஸ்டிக்குக்கும் ஒரே அளவு இல்லை. 100 மில்லிமீட்டர் நீளத்தில் ஏபிஎஸ் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் சுருங்கும். பாலிபுரொப்பிலீன் என்ற இன்னொரு பிளாஸ்டிக் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர், சில சமயம் அதற்கும் மேல். "அச்சு இருக்கிறதே, பொருளை மட்டும் மாற்றிப் போடலாம்" என்று நினைத்தால் மூடி பெட்டியில் உட்காராது.

நான் முதன்முதலில் வரைந்து அச்சு போட்ட பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பலமாக இருக்கட்டும் என்று சுவரை 5 மில்லிமீட்டர் வைத்தேன், உள்ளே ஸ்குரூ ஏறும் தூண்களை அதைவிடத் தடியாக வைத்தேன். வந்த பெட்டியின் முகப்பில், ஒவ்வொரு தூணுக்கும் நேர் எதிரே ஒரு குழி. விரலால் தடவினாலே தெரிந்தது. தடித்த இடம் கடைசியில்தான் ஆறும், ஆறும்போது ஏற்கெனவே இறுகிய மேல்தோலை உள்ளே இழுத்துவிடும். இதோ, சார்ஜர் கூட்டில் சுவர் 2 மில்லிமீட்டர்தான். பலம் உள்ளே குறுக்கே ஓடும் மெல்லிய பட்டைகளிலிருந்து, அதாவது விலா எலும்புகளிலிருந்து வருகிறது, அவையோ சுவரில் பாதிக் கனம்தான். பிளாஸ்டிக்கில் கனத்தைக் கூட்டிப் பலம் தேடாதீர்கள், விலா வையுங்கள்.

தண்ணீர் பாட்டில் வேறு வழி. முதலில் சோதனைக்குழாய் போன்ற சிறு குழாயை வார்த்து, அப்புறம் சூடாக்கி, நீட்டி, காற்றை ஊதி அச்சின் சுவரோடு ஒட்டவைப்பார்கள். அடியில் நடுவே ஒரு புள்ளி இருக்கும், அந்தக் குழாயை வார்த்தபோது பிளாஸ்டிக் நுழைந்த வாசல் அது.

உலோகத்துக்கு வருவோம். ஒரு வாஷரை எடுத்து விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். ஒரு பக்கம் மழுங்கி வழுக்கும், மறுபக்கம் சுரண்டும். பிரஸ்ஸில் தகட்டை வெட்டும்போது ஒரு பக்கத்தில் தகடு வளைந்து மழுங்குகிறது, அறுந்துபோன பக்கத்தில் பிசிறு நிற்கிறது. மின்கம்பியை ஒட்டி வாஷர் போடுவதாக இருந்தால் பிசிறுப் பக்கத்தைக் கம்பியின் பக்கம் வைக்காதீர்கள்.

இந்த ஸ்பேனர் அடித்து உருவாக்கியது, ஃபோர்ஜிங். பழுக்கச் சூடாக்கிய எஃகை இரண்டு டைகளுக்கு (வடிவம் தரும் அச்சுகளுக்கு) நடுவில் வைத்து அடிக்கும்போது பிதுங்கியதை நறுக்கிய தடம்தான் ஓரத்தில் ஓடும் இந்தப் பட்டையான கோடு. உலோகத்தின் நார் ஸ்பேனரின் வடிவத்தோடு வளைந்து போவதால் முறுக்கைத் தாங்குகிறது. உருகிய அலுமினியத்தை அச்சில் செலுத்தும் டை காஸ்டிங் நுணுக்கமான வடிவங்களுக்கு அருமையானது, ஆனால் உள்ளே காற்றுக் குமிழ்கள் சிக்கும். முழுப்பலத்தோடு திருகும் கருவிக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

அச்சு, டை எல்லாம் ஆயிரக்கணக்கில் வேண்டும் என்றால்தான் கட்டுப்படியாகும். மூன்று துண்டு போதும் என்றால் கட்டியிலிருந்து லேத்திலோ மில்லிங்கிலோ குடைந்து எடுங்கள். அதிலும் ஒன்று கவனியுங்கள். மில்லிங் கட்டர் உருளை வடிவானது, சுழன்றுகொண்டே வெட்டுவது. அதனால் பள்ளத்தின் உள்மூலை ஒருபோதும் கூர்மையான சதுரமாக வராது. சதுர மூலை போட்ட வரைபடத்தைக் கொடுத்தால் மில்லிங் செய்பவர் முதலில் கேட்பது, "இந்த மூலையில் எவ்வளவு ரேடியஸ் (வளைவின் ஆரம்) விடலாம்?" என்றுதான். அந்த எண்ணை எழுதிவிட்டு வரைபடத்தைக் கொடுங்கள்.