டயோமிடீஸ் கேட்ட கேள்வி

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, எனக்கு இலக்கணம் கற்பித்த தமிழாசிரியை அம்மா அவர்களே, தூறலையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம். ஐயாவை வைத்துக்கொண்டே வழக்கு வம்புகளைப் பற்றிப் பேசப் போகிறேன்; பொறுத்தருள வேண்டும்.

கிரேக்கக் காவிய வீரனான ஆர்கோஸ் மன்னன் டயோமிடீசிடம் கற்க மூன்று உண்டு: களத்தில் வீரம், அவையில் சொல்வன்மை, பகைவனிடம் பண்பு.

கிரேக்கர்கள் திராய் நகரத்தோடு மோதிய திராய்ப் போருக்கு, கிரேக்கர் பக்கம் 80 கப்பல்களோடு வந்தவன் அவன். ஹோமரின் இலியட் காவியத்தில் ஐந்தாம் காண்டம் அவனுடையது. அஃப்ரொடைட்டி தேவியின் கையைக் கிழித்தான்; அதீனா தேவி துணை நிற்க, போர்க்கடவுள் ஏரிசின் வயிற்றிலேயே ஈட்டியைப் பாய்ச்சினான். கடவுளருக்குக் களத்தில் என்ன வேலை? பாதிப்பேர் கிரேக்கர் பக்கம், பாதிப்பேர் திராயர் பக்கம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்!

அடுத்த காண்டத்தில், திராயர் பக்கம் நிற்கும் லிசியா நாட்டு வீரன் கிளாக்கஸ் எதிரே வருகிறான். "யார் நீ? கடவுளானால் நான் போரிட மாட்டேன்" என்கிறான் டயோமிடீஸ். சற்று முன்னர் இரண்டு கடவுளரைக் குத்தியவன் பேசுகிற பேச்சா இது! கிளாக்கசாவது பெயரைச் சொல்லிவிட்டு வாளை உருவினானா? இல்லை. சம்பந்தி வீட்டுத் தாத்தாவைப் போல வம்ச வரலாற்றைத் தொடங்கிவிட்டான். பாட்டன் பெல்லரோஃபோன் மீது அரசி சுமத்திய வீண்பழி, அவனைக் கொல்லச் சொல்லி அரசன் எழுதிய ஓலையை அவன் கையிலேயே கொடுத்தனுப்பியது, அவன் கைமீரா என்ற கொடிய விலங்கைக் கொன்றது எல்லாம் வருகின்றன. இருபுறமும் படைகள் நிற்கின்றன!

கேட்டு முடித்த டயோமிடீஸ் ஈட்டியை மண்ணில் ஊன்றினான். "உன் பாட்டன் என் பாட்டன் ஈனியஸ் வீட்டில் 20 நாள் விருந்துண்டவர். அவர் தந்த பொற்கிண்ணம் இன்றும் என் வீட்டில் இருக்கிறது. கொல்வதற்கு எனக்கு வேறு திராயர்கள் உண்டு, உனக்கும் வேறு கிரேக்கர்கள் உண்டு" என்றான். இருவரும் தேரிலிருந்து குதித்துக் கைகோத்தார்கள், கவசங்களை மாற்றிக்கொண்டார்கள். கிளாக்கஸ் கொடுத்தது நூறு எருது பெறும் பொற்கவசம். வாங்கியது ஒன்பது எருது பெறும் வெண்கலம். கடவுளரின் தலைவர் சியூஸ் கிளாக்கசின் புத்தியைப் பறித்துவிட்டார் என்று ஹோமர் கேலி செய்கிறார். நான் உடன்பட மாட்டேன். உயிரோடு திரும்பினானே, 91 எருது என்ன பெரிய நட்டம்?

வரப்பில் ஒரு முழம் விட்டுக்கொடுத்தால் ஏமாளி என்பார்கள் என்று அஞ்சித்தானே அண்ணனும் தம்பியும் தலைமுறைக்கும் வாய்தா வாங்குகிறார்கள்? ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். மக்கள் நீதிமன்றத்துக்குப் போங்கள். அங்கே சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். சொல்வன்மை இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். நம் தாலுகாவிலும் மக்கள் நீதிமன்றம் மாதந்தோறும் கூட வேண்டும் என்ற மனு வாயில் மேசையில் இருக்கிறது; கையெழுத்திட்ட பிறகு தேநீர் அருந்தலாம். நன்றி, வணக்கம்.