ஊசி போட்டு எவ்வளவு நேரமாச்சு?

(பினாங்கில் பொதுமக்களுக்கு ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

"கோவிட் ஊசி போட்டதிலேர்ந்து ஒரு மாதிரியா இருக்கு" என்று ஒருவர் கிளினிக்கில் வந்து உட்கார்ந்தால், அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "போட்டு எவ்வளவு நேரமாச்சு?" என்பதுதான். ஐந்து நிமிடமா, ஐந்து மணி நேரமா, ஐந்து நாளா? முதல் நாள் வந்த தலைவலிக்கு இரண்டு பனடோல் (பாராசிட்டமால்) போதும். அதே தலைவலி பத்தாம் நாள் கடுமையாக வந்தால் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். கோவிட் ஊசி போட்ட அந்தக் காலத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றியதெல்லாம் பக்க விளைவுகளின் வெறும் பட்டியல். காய்ச்சல், மாரடைப்பு, இரத்தக்கட்டி எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். எது எப்போது வரும், எது எப்போது வராது என்ற கணக்கு மட்டும் இருக்காது. நம் மக்கள் பயந்ததற்கு மருந்தைவிட அந்தக் குறைதான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

மலேசியாவின் தேசியக் கோவிட் தடுப்பூசித் திட்டம் 2021 பிப்ரவரி 24ஆம் தேதி தொடங்கியது. முதல் ஊசியை அப்போதைய பிரதமர் முஹிடின் யாசின் போட்டுக்கொண்டார். முன்களப் பணியாளர்களுக்குப் பிறகு மூத்தவர்கள், அதன் பிறகு மற்றவர்கள். மைசெஜாத்ரா கைப்பேசிச் செயலியில் தேதி வரும். இங்கே பாயான் பாருவில் ஸ்பைஸ் அரங்கத்துக்கும், கோலாலம்பூரில் மிடெக்குக்கும் புக்கிட் ஜாலிலுக்கும் போய் வரிசையில் நின்றோம். ஃபைசரும் சினோவேக்கும் 21 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி. அஸ்ட்ராஜெனெகாவுக்கு முதலில் 12 வாரம், பிறகு 9 வாரம்.

போட்டவுடன் 15 நிமிடம் உட்காரச் சொன்னார்களே, அங்கிருந்து தொடங்குகிறேன். முன்பு கடுமையான ஒவ்வாமை வந்தவர்களை 30 நிமிடம் உட்கார வைத்தார்கள். அந்த நேரத்துக்குள் இரண்டு விதமாக ஆள் சாயலாம். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒன்று மயக்கம். முகம் வெளுக்கும், வியர்க்கும், நாடி மெதுவாக அடிக்கும். சிலருக்கு ஊசியைப் பார்த்ததுமே வந்துவிடும். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் சில நிமிடங்களில் தெளிந்துவிடுவார்கள். ஊசி குறித்த பதற்றத்தால் உடல் காட்டும் இத்தகைய விளைவுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் தனிக் கையேடே வெளியிட்டது. அதற்காக "நடிப்பு" என்று யாரையும் திட்டாதீர்கள்; இரத்த அழுத்தம் உண்மையாகவே இறங்குகிறது.

இன்னொன்று அனஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை. தோல் தடிக்கும், உதடும் முகமும் வீங்கும், மூச்சில் விசில் சத்தம் வரும், நாடி வேகமாக ஓடும். காலைத் தூக்கினால் மட்டும் இது சரியாகாது. பெரியவர்களுக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில், உடனே போட வேண்டும். தெளியாவிட்டால் ஐந்து நிமிடத்தில் இன்னொன்று. ஃபைசருக்கு இது ஏறத்தாழ பத்து லட்சம் ஊசிக்கு ஐந்து என்ற அளவில்தான் வந்தது. ஆனால் வந்தால் நிமிடக் கணக்கு. அந்த நாற்காலி வரிசை போடப்பட்டதே இதற்காகத்தான்; "வேலை இருக்கு" என்று ஏழாவது நிமிடம் நழுவிப் போனவர்களுக்கு அது தெரியவில்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அது நம் ஆட்களிடம் அதிகம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. காலையில் இனிப்புநீர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "ஊசி போட்டுட்டு வந்து சாப்பிடலாம்" என்று கிளம்பி, இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்பார் நம் ஐயா. கை நடுங்கும், உடம்பு வியர்க்கும், பேச்சு குழறும். ஊசியின் மேல் பழி விழும். அது சர்க்கரை இறங்கியது. மூன்று தேக்கரண்டி சீனியை, அதாவது சுமார் 15 கிராம், தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். ஆள் நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஊசிக்குப் போகும் நாளில் இட்லியோ ரொட்டியோ சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஊசி ஏறும் இடத்துக்கும் வருகிறேன். தோளெலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே, டெல்டாய்டு என்ற தோள்தசையின் நடுவில் போட வேண்டும். நம் பெண்கள் கை இறுக்கமான ரவிக்கையோடு வந்தால் கையை மேலே சுருட்ட முடியாது. கழுத்துப் பக்கமாகத் துணியை இழுத்துத் தோளைக் காட்டுவார்கள். அப்போது ஊசி மேலே ஏறி மூட்டுப் பைக்குள் விழ வாய்ப்புண்டு. சாதாரணக் கைவலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஒரு மாதமாகியும் தலை சீவக் கையைத் தூக்க முடியவில்லை என்றால், அது மருந்தின் குற்றமில்லை, குத்திய இடத்தின் குற்றம். அதற்கு பிசியோதெரபி வேண்டும். தளர்ந்த கை வைத்த சட்டை போட்டுப் போங்கள்.

2021 ஜூலையில் "வெறும் ஊசி குத்தினார்கள்" என்ற புகார் கிளம்பியதே, நினைவிருக்கும். அதன் பிறகு, குத்துமுன் மருந்து நிறைந்த ஊசிக்குழாயையும் குத்திய பின் காலியானதையும் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதி. ஆனால் காட்டினால் என்ன தெரியும்? ஃபைசர் ஓர் ஊசி 0.3 மில்லிலிட்டர்தான், ஏறத்தாழ ஆறு சொட்டு; அவ்வளவு கொஞ்சம் என்பதால் கண்ணுக்குச் சட்டெனத் தெரியாது. முதலில் வந்த ஃபைசர் குப்பியில் 0.45 மில்லி மருந்து இருந்தது, அதில் 1.8 மில்லி உப்புநீர் சேர்த்துப் பத்துமுறை மெதுவாகக் கவிழ்த்துக் கலப்பார்கள். குலுக்கினால் மருந்தைச் சுற்றியிருக்கும் கொழுப்புத் துகள்கள் சிதைந்துவிடும். கலந்தபின் ஆறு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். முனையில் மருந்து தங்காத ஊசிக்குழாய் இருந்தால்தான் ஒரு குப்பியிலிருந்து ஆறு பேருக்கு எடுக்க வரும்.

அடுத்தது முதல் இரண்டு நாள். காய்ச்சல், உடம்பு வலி, குளிர், அசதி எல்லாம் வரக்கூடிய நேரம் இது. ஃபைசர் சோதனையில் 55 வயதுக்குட்பட்டவர்களில் இரண்டாம் ஊசிக்குப் பிறகு 59 விழுக்காட்டினருக்கு அசதி. 16 விழுக்காட்டினருக்குக் காய்ச்சல். வயதானவர்களுக்கு இரண்டும் குறைவு. "மகனுக்குக் காய்ச்சல், எனக்கு ஒன்றுமில்லை, அப்படியானால் வேலை செய்யவில்லையோ?" என்று கேட்ட பாட்டிகளுக்கு இதுதான் பதில்: வயதானால் உடல் இரைச்சல் போடாமல் வேலை செய்யும். அஸ்ட்ராஜெனெகாவில் கதை தலைகீழ். முதல் ஊசிதான் ஆளைப் படுக்க வைத்தது.

அதே ஃபைசர் சோதனையில், மருந்தில்லாத ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் 23 விழுக்காட்டினர் அசதி என்றார்கள். 2022இல் வெளியான ஓர் ஆய்வு 12 சோதனைகளைச் சேர்த்து 45,000க்கு மேற்பட்டோரைக் கணக்கிட்டது. மருந்தில்லாத முதல் ஊசிக்குப் பிறகு 35 விழுக்காட்டினர் தலைவலி, அசதி போன்ற உடல் தொல்லையைச் சொல்லியிருந்தார்கள். எதிர்பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் உடம்பும் எதையாவது கொடுக்கும்.

பனடோல் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. எடை 50 கிலோவுக்குக் கீழே என்றாலும் ஈரல் கோளாறு இருந்தாலும் இன்னும் குறைக்க வேண்டும். சளி மாத்திரைகள் பலவற்றில் பனடோல் மருந்து கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். காய்ச்சல் வரும் முன்பே முன்னெச்சரிக்கையாகப் போட வேண்டாம்.

காய்ச்சல் மூன்றாம் நாளும் விடவில்லையா? ஊசியை விட்டுவிட்டு டெங்கியை நினையுங்கள். பினாங்கில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. இரத்தச் சோதனை செய்யும்வரை புருஃபென், வோல்ட்டரன் போன்ற வலி மாத்திரைகளின் பக்கமே போகாதீர்கள். டெங்கியாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டும். இருமலும் வாசனை போனதும் இந்த ஊசியின் வேலையில்லை. அது கோவிட் தொற்றாக இருக்கலாம், ஊசிக்கு முன்பே ஒட்டியிருக்கலாம், வரிசையிலும் ஒட்டியிருக்கலாம். 2021 ஜூலையில் மிடெக் மையத்தில் 453 பணியாளர்களைச் சோதித்ததில் 204 பேருக்குத் தொற்று இருந்ததால், மையத்தை மூடிச் சுத்தம் செய்தார்கள்.

இரண்டாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை இதயத்தைப் பற்றியது. ஃபைசர், மொடர்னா போன்ற எம்.ஆர்.என்.ஏ. ஊசியின் இரண்டாம் தவணைக்குப் பிறகு, பெரும்பாலும் பதின்ம வயதுப் பையன்களுக்கும் இளைஞர்களுக்கும், இதயத்தசை அழற்சி வந்தது. அபூர்வம்தான், ஆனால் உண்மை. நெஞ்சு வலி, மூச்சு முட்டல், படபடப்பு. இதில் எது வந்தாலும் வீட்டில் வாயு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இ.சி.ஜி.யும், இதயத்தசை பாதிப்பைக் காட்டும் டிரோபோனின் இரத்தச் சோதனையும் அன்றே எடுக்க வேண்டும். பெரும்பாலோர் ஓய்விலேயே தேறினார்கள். ஒரு வாரம் ஃபுட்சால், ஜிம் வேண்டாம் என்று சிங்கப்பூர் 2021 ஜூலையில் சொன்னது இதனால்தான்.

நான்காம் நாளிலிருந்து ஆறு வாரம்வரை அஸ்ட்ராஜெனெகாவின் காலம். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும், அதே நேரத்தில் இரத்தம் உறையும். கேட்கவே முரணாக இருக்கிறதல்லவா? உடம்பில் உருவாகும் ஓர் எதிர்ப்பொருள் தட்டணுக்களைத் தூண்டிவிட, அவை கட்டியில் செலவாகித் தீர்ந்துபோகின்றன. ஐரோப்பாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு வந்தது. மாத்திரைக்கு அடங்காத தலைவலி, மங்கலான பார்வை, ஒரு கால் மட்டும் வீங்குதல், விடாத வயிற்று வலி, ஊசி குத்தாத இடத்தில் சிவப்புப் புள்ளிகள் ஆகியவை அறிகுறி. மருத்துவமனையில் முதலில் ஊசியின் பெயரையும் தேதியையும் சொல்லுங்கள், ஏனென்றால் இரத்தக்கட்டிக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஹெப்பரினை இதில் தவிர்ப்பார்கள். இந்த அச்சத்தால்தான் 2021 ஏப்ரலில் அரசு இந்த ஊசியைப் பொதுத் திட்டத்திலிருந்து எடுத்து, விரும்பியவர் பதியலாம் என்றது. மே 2ஆம் தேதி நண்பகலில் கோலாலம்பூருக்கும் சிலாங்கூருக்கும் பதிவு திறந்தது. 268,600 இடமும் சில மணி நேரத்தில் தீர்ந்தது. ஒரே ஊரில் ஒரு கூட்டம் அஞ்சி ஒதுங்கியது, இன்னொரு கூட்டம் முண்டியடித்தது.

நாள் கணக்கை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. 2020இல், அதாவது ஊசி வருமுன்னே, மலேசியாவில் மருத்துவச் சான்று பெற்ற இறப்புகளில் 17 விழுக்காடு இதய இரத்தக்குழாய் நோயால். ஒரு நாளைக்குச் சுமார் ஐம்பது பேர். நாடே ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த ஐம்பதில் சிலர் முந்தைய நாள் ஊசி போட்டவராக இருந்தே தீருவார்கள். அதனால்தான், வழக்கமாக வரக்கூடியதைவிடக் கூடுதலாக வந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தக் கணக்குக்குப் புகார் வேண்டும். புகாரில் ஊசியின் பெயர், பேட்ச் எண், போட்ட தேதி, தொல்லை தொடங்கிய நேரம் நான்கும் வேண்டும். ஊசியால் வந்ததென உறுதியானால் நீண்ட மருத்துவமனைச் சிகிச்சைக்கு 50,000 வெள்ளி (ரிங்கிட்), நிரந்தர ஊனத்துக்கும் இறப்புக்கும் 5 லட்சம் வெள்ளி என்று அரசு உதவித்தொகை அறிவித்திருந்தது. பட்டியலையே பகிர்ந்துகொண்டிருந்த வாட்ஸ்அப்பில் இந்தச் செய்தி ஏனோ அவ்வளவாகச் சுற்றவில்லை.

சீட்டில் ஒரு கேள்வி வந்திருக்கிறது: இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊசிக்கு முன் அதை நிறுத்த வேண்டுமா? வேண்டாம். இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனையை அண்மையில் எடுத்து, அதன் அளவு வரம்புக்குள் இருந்தால் போட்டுக்கொள்ளலாம். ஊசி போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மெல்லிய ஊசியாக எடுப்பார். குத்திய இடத்தைத் தேய்க்காமல், கடிகாரத்தைப் பார்த்துக் குறைந்தது இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.