தன் சூட்டிலேயே வேலை செய்யும் தெர்மிஸ்டர்

நண்பர்களே, தெர்மிஸ்டர் என்றால் வெப்பநிலையை அளக்கும் சென்சார் என்றுதான் பெரும்பாலும் படித்திருப்போம். சரிதான். ஏசியில் அறைக்காற்றையும் காயிலையும் கண்காணிப்பது அதுதான். கடையில் அதிகம் கிடைக்கும் ரகம் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் தடை காட்டும்; 50 டிகிரியில் சுமார் 3.6 கிலோ ஓமுக்கு இறங்கிவிடும். சூடு ஏற ஏறத் தடை குறையும் இந்த ரகத்துக்கு என்டிசி என்று பெயர். மாங்கனீசு, நிக்கல் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைச் சுட்டுச் செய்கிறார்கள். வெள்ளி சல்பைடில் இதே குணத்தை ஃபாரடே 1833-லேயே பார்த்துவிட்டார்.

அளக்கும்போது தெர்மிஸ்டர் தானாகச் சூடாகிவிடக் கூடாது. அதனால் மிகக் குறைந்த மின்னோட்டமே விடுவோம். நான் பேச வந்தது, அது வேண்டுமென்றே சூடாகும் இடங்களைப் பற்றி.

டிவி, கம்ப்யூட்டர் போன்றவற்றுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் போர்டில் பியூஸுக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு என்டிசி நிற்கும், 5டி-9 என்று போட்டிருக்கும். ஆறியிருக்கும்போது 5 ஓம், விட்டம் 9 மில்லிமீட்டர். நம் 230 வோல்ட் லைனின் உச்சம் 325 வோல்ட். ஸ்விட்ச் போட்ட கணத்தில், மின்னைச் சேமிக்கும் கெப்பாசிட்டர் காலியாக இருப்பதால் ஏறக்குறைய ஷார்ட்தான். வழியில் தொடராக 5 ஓம் இருப்பதால் 65 ஆம்பியரைத் தாண்ட முடியாது. அப்புறம் தன் வழியே ஓடும் மின்னோட்டத்தில் சூடாகி, தடையைக் குறைத்துக்கொண்டு வழிவிடுகிறது. இது போய்விட்டால் கம்பியால் ஜம்பர் போட்டுவிடுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. செட் ஓடும், ஆனால் ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் டயோடுகள்தான் அடி வாங்கும்.

பிடிசி என்ற ரகம் என்டிசிக்கு நேர் எதிர். பேரியம் டைட்டனேட் வில்லை. குறிப்பிட்ட சூட்டைத் தாண்டியதும் தடை விருட்டென்று பல மடங்கு ஏறும். பல வீட்டு பிரிட்ஜ்களில் கம்ப்ரசர் மோட்டாரைக் கிளப்பும் சுருளான ஸ்டார்ட்டிங் வைண்டிங்கோடு இதைத் தொடராக வைத்திருப்பார்கள். மோட்டார் கிளம்பும்வரை மின்னோட்டத்தை விடும், பிறகு சூடாகி ஏறக்குறைய நிறுத்திவிடும். கரண்ட் போய் உடனே வந்தால் பிடிசி இன்னும் ஆறியிருக்காது, உள்ளே கேஸ் அழுத்தமும் சமமாகியிருக்காது. கம்ப்ரசர் முனகிவிட்டு டிரிப் ஆகும். ஸ்டெபிலைசரில் டைம் டிலே வைப்பது இதற்காகத்தான்.

பல கொசு மருந்து மெஷின்களிலும் இதே வில்லைதான் ஹீட்டர். தனியாகத் தெர்மோஸ்டாட் கிடையாது. சூடு கூடினால் தடை ஏறி மின்னோட்டம் குறைகிறது. ஆறினால் மறுபடி கூடுகிறது. லைன் வோல்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அதன் சூடு பெரிதாக மாறுவதில்லை.