புளியும் சாம்பலும் பிளீச்சும்: மலைநாட்டு வீட்டுத் துப்புரவு

மாதர் சங்கத் தாய்மாருக்கும், பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் சகோதரிகளுக்கும், பின் வாங்கில் இருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

கடைப் போத்தல்களின் விலை ஏற ஏற, தேசிக்காய், வினாகிரி, அப்பச் சோடா எல்லாம் துப்புரவு வேலைக்கும் வந்துவிட்டன. நல்ல விசயந்தான். ஆனால் கைப்பேசியில் வரும் செய்முறைகளில் பல வேறு ஊர் வீடுகளுக்குச் சொன்னவை. கேத்தலில் படியும் வெள்ளைப் படிவை எடுக்க வினாகிரி ஊற்றச் சொல்வார்கள். அனுராதபுரத்துக் கிணற்றுத் தண்ணீருக்கு அது பொருந்தும். நம் பீலித் தண்ணீர் மென்மையானது, அந்தப் படிவு இங்கே பெரிதாக வருவதில்லை. நமக்கு இருக்கும் அழுக்கு விறகடுப்புக் கரி, மழைக்காலப் பூஞ்சணம், தேயிலைக் கறை, கழிப்பறை நாற்றம். வீடும் வேறு மாதிரி. பனி இறங்கினால் கதவு சன்னல் எல்லாம் சாத்தியே கிடக்கும் சின்னக் காம்பரா. உள்ளே எதைக் கலந்தாலும் அந்த ஆவி நம்மோடுதான் இருக்கும்.

நம் கையில் இருப்பவை மூன்று வகை. புளிப்புச் சாமான்கள்: தேசிக்காய், புளி, வினாகிரி, கழிப்பறைக்கு ஊற்றும் அமிலம். காரச் சாமான்கள்: சாம்பல், சவர்க்காரம், அப்பச் சோடா, சலவைச் சோடா, சுண்ணாம்பு. மூன்றாவது குளோரின்: பிளீச்சும் பிளீச்சிங் பவுடரும். ஒரு நேரத்தில் ஒரு வகை. அடுத்ததை எடுக்க முன்னர் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

அப்பச் சோடாவில் வினாகிரி ஊற்றினால் நுரை பொங்கும். பார்க்க அழகாக இருக்கும், வேலைக்கு ஆகாது. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். அதை மூடிய போத்தலில் கலந்து வைப்பது ஆபத்து. ஒரு மேசைக்கரண்டி அப்பச் சோடாவும் ஒரு தம்ளர் வினாகிரியும் சேர்ந்தால் 3 லீற்றருக்கு மேல் வாயு கிளம்பும். போத்தல் வெடிக்கும்.

முதலில் குசினி. விறகுப் புகைக் கரியில் எண்ணெய்ப் பசை கலந்திருப்பதால் வெறும் தண்ணீருக்கு அசையாது, காரம் வேண்டும். ஒரு லீற்றர் சுடுதண்ணீரில் 2 மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, அடுப்படித் தட்டையும் ஓடுகளையும் துடையுங்கள். சட்டி பானைக்கு அம்மாமார் செய்த வழியே போதும்: அடுப்பில் ஏற்றுமுன் வெளி அடியில் ஈரச் சாம்பலை மெல்லியதாகப் பூசிவிட்டால், சமைத்த பிறகு கரி சாம்பலோடு கழன்று வந்துவிடும். உள்ளே மட்டும் சாம்பலோ சோடாவோ போட்டு ஊறவைக்காதீர்கள். அலுமினியத்தைக் காரம் அரித்துக் கறுக்கவைக்கும். கறுத்துவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீரில் 2 தேசிக்காயைப் பிழிந்து, தோலையும் போட்டு, 10 நிமிடம் கொதிக்கவிட்டு ஊற்றிவிடுங்கள். இரவு முழுக்க விடக்கூடாது. புளிப்பும் அலுமினியத்தை அரிக்கும், அது குழி குழியாக அரிக்கும்.

கோப்பையில் பிடித்த தேயிலைக் கறைக்கு, ஈர விரலில் கொஞ்சம் அப்பச் சோடா தொட்டுத் தேய்த்தாலே போதும். உடுப்பில் பட்டால் முறை வேறு. அதில் முதலில் சவர்க்காரம் போடுகிறவர்கள்தான் அதிகம், அங்கேதான் கறை ஏறிப்போகிறது. தேயிலைச் சாயம் காரத்தில் இன்னும் கறுக்கும். தேநீரில் ஒரு சிட்டிகை அப்பச் சோடா போட்டும், இன்னொன்றில் தேசிக்காய் பிழிந்தும் பாருங்கள்: ஒன்று கறுத்துப்போகும், மற்றது வெளிறும். ஆகவே முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு ஒரு கோப்பை தண்ணீரில் அரைத் தேசிக்காய், கடைசியில்தான் சவர்க்காரம்.

குத்துவிளக்குக்குப் புளி சரி. துலக்கிய கையோடு கழுவித் துடைக்காவிட்டால் மறுநாளே பச்சை பிடிக்கும்.

இனிப் பூஞ்சணம். அட்டன், நுவரெலியாப் பக்கம் மே மாதத்தில் தொடங்கும் தென்மேற்கு மழையோடு இது வந்துவிடும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டுக் கடைசி மழையில் வரும். தகரக் கூரை இரவில் குளிர்ந்து, நம் மூச்சும் சமையல் ஆவியும் அதில் பட்டுத் துளியாகி, சுவரில் வடியும். அந்த ஈரம் இருக்கும்வரை எந்த மருந்து பூசினாலும் பூஞ்சணம் திரும்பி வரும்.

சுவருக்கு வினாகிரி தெளிக்கச் சொல்வது பரவலான செய்முறை. நம் சுண்ணாம்புச் சுவருக்கு அது கெடுதல். சுண்ணாம்பு கடும் காரம், அந்தக் காரமே பூஞ்சணத்துக்குப் பகை. வினாகிரி அதைத் தின்றுவிடும், சுவர் மாவாக உதிரும், பூஞ்சணத்துக்கு இடம் இன்னும் வசதியாகும். பளபளப்பான சிவப்புச் சீமெந்துத் தரையிலும் தேசிக்காய், வினாகிரி படக்கூடாது. சீமெந்தை அரித்து மங்கவைக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். காய்ந்த விளக்குமாற்றால் தட்டாதீர்கள், வித்துகள் காற்றில் பறந்து பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும். மூக்கில் துணி கட்டி, ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, முதலில் சுவரை நனைத்து, பிறகு தேய்த்துத் துடையுங்கள். வெயில் வரும் நாளில் கதவைத் திறந்துவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். மேலே இரண்டு கை வெள்ளை அடியுங்கள். சுண்ணாம்பு பால் பதத்தில் மெல்லியதாக இருக்கட்டும். தடிப்பாக அடித்தால் செதில் செதிலாக உரியும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் தலைக்கு மேலே அடிக்காதீர்கள்.

பலகை அலுமாரிக்கு வினாகிரி பயன்படும். தண்ணீர் கலக்காமல் துணியில் தொட்டுத் துடைத்து, ஒரு மணித்தியாலம் விட்டு, ஈரத் துணியால் ஒற்றி, காயவையுங்கள். பலகைக்கு பிளீச் வேண்டாம். நிறம் வெளுத்துப் பூஞ்சணம் போனமாதிரி தெரியும், உள்ளே வேர் அப்படியே இருக்கும். அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். அடை மழையிலே உள்ளே உடுப்புக் காயப்போடும் வீட்டில் ஈரம் இரட்டிப்பு. வேறு வழியில்லை என்பது தெரியும். குறைந்தது அந்தக் காம்பராவின் ஒரு சன்னலையாவது திறந்து வையுங்கள்.

கிருமி கொல்ல வினாகிரியை நம்பாதீர்கள். வயிற்றோட்டம், வாந்தி வந்த வீட்டுக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் குளோரின்தான். முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள், அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே செலவழிந்துவிடும். பிளீச் போத்தலில் 5 வீதம் என்று போட்டிருந்தால் ஒரு லீற்றர் பச்சைத் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர், அதாவது 4 தேக்கரண்டி. அது 0.1 வீதக் கரைசல், தரைக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் போதும். பூசி 10 நிமிடம் ஈரமாகவே விட்டு, பிறகு கழுவுங்கள். வாந்தி, இரத்தம் சிந்திய இடத்துக்கு ஒரு பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர். சுடுதண்ணீரில் கலக்கக் கூடாது, பலம் போய்விடும். அன்றன்றைக்குக் கலந்து, மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள்.

மோசமான விபத்து கழிப்பறையில் நடக்கும். பிளீச் ஊற்றி, வெண்மை போதவில்லை என்று மேலே அமிலமோ வினாகிரியோ ஊற்றுவது. உடனே குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு பாரம், தரையோடு தங்கும். குந்தியிருந்து தேய்க்கிறவரின் முகம் சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கும். தேங்கிய சிறுநீரில் பிளீச் பட்டாலும் கெட்ட வாயு வரும், ஆகவே முதலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். கதவைக் கல் வைத்துத் திறந்து வையுங்கள். கண் எரிந்தால், தொண்டை கமறினால், ஊற்றியதைச் சரிசெய்ய நிற்காமல் உடனே வெளியே வாருங்கள். மூச்சுத் திணறலோ விடாத இருமலோ இருந்தால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

கொள்கலன் விசயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. மருந்தடிக்கும் தொட்டியையும் தோட்டத்து இரசாயனக் கலன்களையும் எவ்வளவு கழுவினாலும் வீட்டு வேலைக்கு எடுக்காதீர்கள். சோடாப் போத்தலில் பிளீச்சோ மண்ணெண்ணெயோ ஊற்றி வைக்காதீர்கள், தாகத்தில் வரும் பிள்ளைக்குப் போத்தலின் உருவம்தான் தெரியும். வாங்கிய போத்தலிலேயே, பெயர் தெரியும்படி, பிள்ளைக்கு எட்டாத தட்டில் வையுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். போகும்போது எரித்தது திரும்பி வரும்போதும் எரிக்கும், மண்ணெண்ணெய் என்றால் நுரையீரலுக்குள் இறங்கும். வாயைக் கொப்பளிக்கவிட்டு, அந்தப் போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன குடித்தது என்று டாக்டருக்கு அது சொல்லும். கண்ணில் பட்டால் பீலியடியில் இமையை விரித்துப் பிடித்து, தண்ணீர் மெதுவாக ஓட, 15 நிமிடம் கழுவிவிட்டுத்தான் மற்ற வேலை. சுண்ணாம்பு பட்டிருந்தால் இன்னும் கூடுதலாகக் கழுவி, வலி குறைந்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.