இங்கே எரிந்த டீசல் யார் கணக்கில்?

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டார நேயர்களுக்கு வணக்கம்.

பணக்கார நாடுகளில் கரியமிலவாயு வெளியீடு குறைகிறது என்று அடிக்கடி செய்தி வருகிறது. அதில் எவ்வளவு நிஜமாகக் குறைந்தது, எவ்வளவு இடம் மாறியது? பல வருடங்களாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நமக்குத் தெரிந்த கிரானைட்டையே எடுத்துக்கொள்வோம். பர்கூர் பக்கம் ஒரு குவாரி. கம்ப்ரசர் டீசலில் ஓடுகிறது, கல்லைத் தூக்கும் கிரேனும் டீசலில்தான். அறுத்தெடுத்த பிளாக் டிரெய்லர் லாரியில் ஏறி, வாணியம்பாடி, வேலூர் தாண்டிச் சென்னைத் துறைமுகம் போகிறது. அங்கிருந்து கப்பலில் சீனா. அங்கே அறுத்து, பாலீஷ் போடுகிறார்கள். அந்த நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் நிலக்கரியில் வருவது. அப்புறம் மறுபடியும் கப்பல். கடைசியில் ஜெர்மனியில் யாரோ ஒருவரின் கல்லறைக்கல்லாக நிற்கிறது. எல்லாக் கல்லும் சீனா வழியாகப் போவதில்லை, ஆனால் நிறையப் போகிறது.

சரி, இந்தப் புகை யார் கணக்கில்? ஐ.நா. விதிப்படி, எரித்த இடத்தில்தான் கணக்கு. குவாரி டீசல் இந்தியாவின் கணக்கு. பாலீஷ் போட்ட மின்சாரம் சீனாவின் கணக்கு. நாடு விட்டு நாடு போகும் கப்பலின் எண்ணெய் எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராது, தனியே குறித்து வைப்பதோடு சரி. இத்தனைக்கும் உலக வெளியீட்டில் சுமார் 3 சதவீதம் கப்பல்களுடையது. கல்லை வாங்கிய ஜெர்மனியின் கணக்கில் ஏறுவது, துறைமுகத்திலிருந்து கல்லறைவரை ஓடிய லாரியின் புகைதான்! திரும்பவும் சொல்கிறேன்: எரித்த இடத்தில் கணக்கு, பயன்படுத்திய இடத்தில் இல்லை.

இது கிரானைட்டோடு நிற்பதில்லை. துணி, செல்போன், எஃகு எல்லாமே இப்படித்தான். காலநிலை ஆய்வாளர் கிளென் பீட்டர்ஸ் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வளர்ந்த நாடுகள் வணிகத்தின் வழியே மற்ற நாடுகளின் கணக்கில் நிகரமாகத் தள்ளிய கரியமிலவாயு 1990-இல் 40 கோடி டன், 2008-இல் 160 கோடி டன். 1997-இல் ஜப்பானின் கியோட்டோவில் நடந்த காலநிலை மாநாட்டில் அந்த நாடுகள் குறைப்பதாக ஒப்புக்கொண்டதைவிட இது அதிகம்.

எல்லாமே இடமாற்றம் என்று சொன்னால் அது நியாயமாகாது. பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பரில் மூடியது. அது நிஜமான குறைப்பு. சீனாவிலிருந்து மலிவாக வந்த சோலார் பலகைகளும் பல நாடுகளுக்கு உதவின. ஆனால் மலிவாகக் கிடைத்தால் மக்கள் கூடுதலாக வாங்குவார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பக்கத்து ஊர்க் கல் போதும் என்றிருந்த வீட்டின் சமையல் மேடைக்குக் கடல் தாண்டிய கல் வந்துவிடுகிறது.

நேரம் முடியப்போவதாகச் சைகை காட்டுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரியைப் பற்றி, அதாவது வெளியிலிருந்து வரும் பொருளைச் செய்ததில் கிளம்பிய புகைக்குப் போடும் வரியைப் பற்றி, விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். விதிப்படி 2026 ஜனவரி முதல் அது முழுமையாக நடைமுறை. எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் எல்லாம் அதில் உண்டு, போல்ட், திருகாணிகூட உண்டு. வாங்குபவர் கணக்கைப் பார்க்கத் தொடங்கியது நல்லதுதான். ஆனால் வசூலாகும் பணம் ஐரோப்பாவுக்கே போகிறது, புகையைச் சுவாசிக்கும் ஊருக்கு வருவதில்லை. இது எனக்கு ஏற்புடையதல்ல. ஐரோப்பாவுக்கு போல்ட் அனுப்பும் ஓசூர்ப் பட்டறைக்காரர்களே, எந்த ஆலையின் எஃகு, உலையில் எவ்வளவு எரிபொருள் என்பதை எழுதி வையுங்கள். வாங்குபவர் கேட்பார். வணக்கம்.