நிழல் காணாமல் போன 12:20

(மேலூர்ப் பகுதித் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் கூட்டமொன்றில் தலைமையாசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வகுப்பறைச் செயல்பாடுகள் ஒரு பகுதியாகவும், கல்வி இணைச் செயல்பாடுகள் இன்னொரு பகுதியாகவும் பேசச் சொன்னார்கள். வீட்டில் உட்கார்ந்து இரண்டு தாளில் எழுதிப் பார்த்தேன். எதை எந்தத் தாளில் எழுதுவது என்றே விளங்கவில்லை. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், இருபத்து மூன்று பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேரை விளையாட விட்டுவிட்டு மீதிப் பேருக்குப் பாடம் நடத்தினால், பாடம் கேட்கிற பிள்ளைகளின் கண் ஜன்னலில்தான் இருக்கும். அதனால் எது நடந்தாலும் எல்லோரும் சேர்ந்துதான். இரண்டு தாளையும் கிழித்துவிட்டு வந்திருக்கிறேன்.

எங்கள் பிள்ளைகள் சென்ற ஆண்டு நட்ட ஒரு குச்சியைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

ஜூலை மாதம், சரியாக ஒரு மீட்டர் உயரம் தரைக்கு மேல் நிற்கும்படி ஒரு மூங்கில் குச்சியை முற்றத்தில் நட்டோம். செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க, நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டவன் மூன்றாம் வகுப்புப் பையன். அவன் அப்பா கொத்தனார். தூக்குக்குண்டு பிடிக்க அவனுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சத்துணவுக்குப் போகுமுன் குச்சியின் நிழலை அளப்பது தினசரி வேலையானது. நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அளப்பார்கள். சின்னவர்கள் நிழலின் நுனியில் கூழாங்கல் வைப்பார்கள்.

முதல் வாரத்திலேயே சண்டை வந்தது. நண்பகல் நிழல் தெற்கே விழுந்தது, ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர். சூரியன் நமக்குத் தெற்கேதான் இருக்கும் என்று நினைத்திருந்த ஒருத்தி, குச்சி சாய்ந்திருக்கிறது என்று அடித்துச் சொன்னாள். மறுபடி தூக்குக்குண்டு வந்தது. குச்சி நேராகத்தான் இருந்தது. மதுரைப் பக்கம் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. உங்களிடம் மறைப்பானேன், இருபத்தாறு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிற நானும் அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

நாளுக்கு நாள் கூழாங்கல் வரிசை குச்சியை நோக்கி நகர்ந்தது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. நிழலில்லா நாள் என்பார்கள். அன்று பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் குச்சியைச் சூழ்ந்து நின்றோம். பள்ளிக் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து ஒருவன் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான். மணி பன்னிரண்டு. நிழல் போகவில்லை. மேற்கே எட்டரை சென்டிமீட்டருக்கு அசையாமல் கிடந்தது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தான்.

காத்திருந்தோம். சமையலம்மா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். 12:10 ஆனது, பாதிதான் மிச்சம். 12:20ஐ ஒட்டி நிழல் குச்சியின் அடியில் ஒடுங்கிப்போனது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று தன் காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, "டீச்சர், என் நிழலை மிதித்துக்கொண்டு நிற்கிறேன்!" என்று கத்தியது.

அந்த இருபது நிமிடம் ஏன்? நம் கடிகாரம் காட்டுவது உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூருக்கு அருகே செல்லும் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். நாம் 78 டிகிரியை ஒட்டி இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்றால் பதினெட்டு நிமிடம். ஆண்டின் அந்தப் பருவத்தில் சூரியனும் ஒன்றிரண்டு நிமிடம் பிந்துகிறது. நான் உலக உருண்டையைச் சுற்றிக் காட்டி விளக்கி முடிப்பதற்குள் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான்: "காலை பஸ் மேலூரில் புறப்பட்டு இருபது நிமிடம் கழித்துத்தானே டீச்சர் நம் ஊருக்கு வரும், அது மாதிரிதானே?" ஓடுவது சூரியன் இல்லை, பூமி என்று திருத்தினேன். பஸ்ஸை மாற்றவில்லை. நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு அதற்குப் பிறகு தீர்க்கரேகைப் பாடம் நடத்த எனக்கு ஒரே ஒரு பாடவேளைதான் தேவைப்பட்டது.

இது அறிவியலா, கணக்கா, சமூக அறிவியலா, கல்வி இணைச் செயல்பாடா? பதிவேட்டில் ஒரு கட்டத்தில்தான் எழுத முடியும். நான் 'கணக்கு' என்று எழுதினேன்.

இரண்டாவது, அரிட்டாபட்டிக்குப் போனது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் நமக்கு இவ்வளவு அருகே இருக்கிறது. அங்கே மலைக் குகையில் தமிழி, அதாவது தமிழின் பழைய எழுத்து, வெட்டப்பட்டிருக்கிறது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அந்த எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். செயல்வழிக் கற்றல் காலத்தில் சுவரைச் சுற்றி அடித்த தாழ்வான கரும்பலகைகள் எங்களிடம் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் போல உதவியது வேறொன்றுமில்லை. தமிழியில் 'க' கூட்டல் குறிபோல இருக்கும். ஒன்றாம் வகுப்பு அதைப் பார்த்ததும் "கூட்டல்!" என்றது. அன்றிலிருந்து பெயரில் 'க' உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் கூட்டல் என்று பட்டப்பெயர்.

மலையில் குகை நெற்றியைக் காட்டி, கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே வெட்டிய எழுத்து என்று சொன்னேன். யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. அண்ணாந்து தேடிக்கொண்டிருந்த ஒருத்திதான், "அதோ, கொம்பு முளைத்த கூட்டல்!" என்று கண்டுபிடித்தாள். உயிர்மெய்க் குறி சேர்ந்த 'க' அது. நான் சொல்லித்தராததை அவளாகவே ஊகித்துவிட்டாள். திரும்பும்போது பாறை வழுக்கி ஒருவனுக்கு முழங்கால் சிராய்ந்தது. அவன் அம்மா மறுநாள் வந்து என்னை நன்றாகவே கேட்டார். அதையும் சொல்லாமல் விடக் கூடாது. அடுத்த முறை பெற்றோர் நால்வரையாவது உடன் அழைத்துப் போவேன்.

தோற்றவையும் உண்டு. கபடிக்கு ஓர் அணிக்கு ஏழு பேர் வேண்டும்; எங்களிடம் ஒத்த வயதில் பதினான்கு பேர் கிடையாது. பல்லாங்குழிக்கு மாறினோம். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக எழுபது. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு', எடுத்துக்கொள்ளலாம். பெருக்கல் வாய்ப்பாட்டுக்குத் தண்டனைபோல முகம் சுளித்தவர்கள் இதில் கொட்டையைத் தொடாமலே எங்கே முடியும் என்று சொல்கிறார்கள். காய்கறித் தோட்டம் போட்டோம். வேலி இல்லை, ஆடு மேய்ந்தது. அந்த ஆடு யாருடையது என்பது ஊருக்கே தெரியும், யாரும் சொல்லவில்லை. ஆண்டு விழாவிலும் ஒரு சங்கடம்: இருபத்து மூன்று பேரும் மேடையேறிவிட்டால் கீழே கைதட்டப் பிள்ளைகள் இல்லை. நாடகத்தில் கூட்டமாக வருகிறவர்களைக் கீழேயே உட்காரவைத்து அங்கிருந்தே வசனம் பேசச் செய்தோம்.

குச்சிக்குத் திரும்பி வருகிறேன். இந்த ஆகஸ்ட் கடைசி வாரத்தில் நீங்களும் ஒன்று நடுங்கள். ஒரு நாள் முன்பின் ஆனாலும் பரவாயில்லை, அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம் வரும். எங்களுக்கு மேகம் மூடிவிட்டால் 12:20க்கு உங்களில் யாருக்காவது ஃபோன் வரும். எடுங்கள், மறுமுனையில் பேசப்போவது நானாக இருக்காது.